வகுப்பறைச் சுவரில் எதை ஒட்டுவது, எதை எப்போது எடுப்பது

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவுமாக உட்கார்ந்து நான்கு சுவரையும் நிரப்பிவிடுவேன். மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு நாள் மாலை, கடைசி வரிசையில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து முன்னால் பார்த்தேன். கரும்பலகையைச் சுற்றி பதினொரு சார்ட். லேமினேட் செய்த வாய்ப்பாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து ஏழாம் வாய்ப்பாடு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மற்றவற்றில் பாதி எழுத்து அங்கிருந்து தெரியவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் இப்படித்தான் செய்கிறேன்.

படி 1: எல்லாவற்றையும் எடுங்கள்

"இது மட்டும் இருக்கட்டும்" என்று ஒன்றைக்கூட விடாதீர்கள். முதல் நாளுக்குக் கால அட்டவணையும் பிள்ளைகளின் பெயர்களும் போதும்.

படி 2: கரும்பலகைச் சுவர் தனி

பிள்ளைகள் நாள் முழுக்கப் பார்ப்பது இந்தச் சுவரைத்தான். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. சுவர் நிறைய அலங்காரம் இருந்த அறையில் பாட நேரத்தில் 38.6 சதவீதம் கவனம் வேறெங்கோ போனது. அலங்காரம் இல்லாத அறையில் 28.4 சதவீதம். பாடம் முடிந்து வைத்த தேர்விலும் 42 சதவீதம், 55 சதவீதம் என்று வித்தியாசம் இருந்தது. சிறிய ஆய்வுதான். அதற்காகச் சுவரை மொட்டையாக விட வேண்டும் என்றும் அர்த்தமில்லை. இங்கிலாந்தில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்த சால்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு, சுவரில் 20 முதல் 50 சதவீதம் வரை காலியாக இருக்கட்டும் என்கிறது. நான் கரும்பலகைப் பக்கம் அந்த வாரப் பாடத்துக்கான சார்ட் ஒன்றே ஒன்று வைக்கிறேன்.

படி 3: ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒரே கேள்வி

எழுதிக்கொண்டிருக்கும்போது திணறி நிற்கும் பிள்ளை, இதைப் பார்த்து மேற்கொண்டு போக முடியுமா? 'அரம், அறம்', 'கரி, கறி' என்று ர, ற வித்தியாசத்தைக் காட்டும் சார்ட்டால் முடியும். 'முயற்சி திருவினையாக்கும்' என்று பூ வரைந்த சார்ட்டால் முடியாது.

கடையில் வாங்கும் சார்ட்டைவிட, பாடம் நடக்கும்போதே பிள்ளைகள் சொல்லச் சொல்ல நாம் எழுதுவது எவ்வளவோ மேல். தாங்கள் சொன்ன சொல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். கறுப்பு அல்லது கருநீலத்தில் எழுதுங்கள்; மஞ்சளும் ஆரஞ்சும் பத்தடி தள்ளிப் போனால் காணாமல் போய்விடும். லேமினேட் வேண்டவே வேண்டாம்.

படி 4: எப்போது எடுப்பது

நான் தடுமாறிய இடம் இதுதான். கடன் வாங்கிக் கழித்தல் பாடம் முடிந்ததும் இட மதிப்பு சார்ட்டை எடுத்துவிட்டேன். மறுநாள் 402இலிருந்து 157ஐக் கழிக்கச் சொன்னேன். ஒரு சிறுமி சார்ட் இருந்த வெற்றிடத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நூறு, பத்து, ஒன்று" என்று உதடு மட்டும் அசைந்தது. 245 என்று எழுதிவிட்டாள். பக்கத்தில் இருந்த பையனும் அதே இடத்தைத்தான் பார்த்தான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். அவளுக்கு அந்த சார்ட் மனதுக்குள் போய்விட்டது. அவனுக்கு இன்னும் சுவரில்தான் இருந்தது, நான் அதை எடுத்துவிட்டேன்.

இப்போது உடனே எடுப்பதில்லை. சார்ட்டின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டித் திரைபோலத் தொங்கவிடுகிறேன். தேவைப்படுகிறவர்கள் எழுந்து போய்த் தூக்கிப் பார்க்கலாம், கேட்க வேண்டியதில்லை. யார் தூக்குகிறார்கள் என்று பார்த்தாலே யாருக்கு இன்னும் சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு வாரம் யாரும் தொடவில்லை என்றால் சார்ட்டை எடுக்கலாம். ஓரிருவர் மட்டும் தூக்கினால், அதையே சின்னதாக எழுதி அவர்கள் நோட்டின் அட்டைக்குள் ஒட்டிவிடுங்கள்.

படி 5: பிள்ளைகளின் வேலை

பக்கச் சுவரில், அவர்கள் கண்மட்டத்தில். முட்டி போட்டு நின்று உயரம் பாருங்கள். நன்றாக எழுதியவர்களுடையது மட்டும் வேண்டாம். எல்லோருக்கும் ஓர் இடம், எதை மாட்டுவது என்று அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். டேப் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். கயிறு கட்டி கிளிப் மாட்டிவிட்டால் பிள்ளைகளே மாற்றிக்கொள்வார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு ஆசிரியர்கள், ஒரே அறையை இரண்டு வகுப்புகள் பகிர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். இரண்டு பெரிய அட்டைகளைப் புத்தகம்போல ஒட்டி, உள்பக்கம் சார்ட் வையுங்கள். உங்கள் பாடவேளையில் விரித்து நிறுத்தி, முடிந்ததும் மடித்து எடுத்துப் போகலாம். சுவர் காலியாகத் தெரிகிறதே என்று தலைமையாசிரியர் கேட்டால், அலங்காரத்தை எல்லாம் வராந்தாவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே எவ்வளவு வண்ணம் இருந்தாலும் பாடத்துக்கு இடைஞ்சல் இல்லை.