ஆவியில் மரம் வளைப்போம்: ஒரு கூடைக் கைப்பிடியில் தொடங்கலாம்

கூடைக்கு மேலே அரைவட்டமாக நிற்கும் மரக் கைப்பிடியை எப்படிச் செய்வது? அகலமான பலகையில் வளைவை வரைந்து ரம்பத்தால் அறுத்தெடுக்கலாம். ஆனால் அப்படி அறுத்த துண்டில் ஏதாவது ஓர் இடத்தில் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் கோடு, குறுக்கே விழுந்துவிடும். கூடையில் நாலு தேங்காயைப் போட்டுத் தூக்கினால் அந்த இடத்தில்தான் முறியும். நேரான பட்டை ஒன்றை ஆவியில் வேகவைத்து வளைத்தால் நார் எங்கும் அறுபடாது, வளைவோடு கூடவே ஓடும். ஐந்தே மில்லிமீட்டர் தடிமனுள்ள கைப்பிடியும் தாராளமாகக் கனம் தாங்கும்.

இந்த வேலைக்கு முரட்டு பலம் தேவையே இல்லை. தேவைப்படுவது நல்ல மரமும், முன்கூட்டியே செய்து வைத்த ஏற்பாடும்தான். வளைப்பதற்குக் கிடைப்பது அரை நிமிடத்துக்கும் குறைவு. அதற்கு முன்னால் செய்ததெல்லாம் சரியாக இருந்தால் மரம் தானாக இணங்கி வரும்.

முதலில், மரம் ஏன் வளைகிறது?

மரம் என்பது நார்களும் அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையும். அந்தப் பசைக்கு லிக்னின் என்று பெயர். கடலை மிட்டாயில் இருக்கும் வெல்லப்பாகைப் போல இது சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். ஈரமும் சேர்ந்தால் 100 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே போதுமான அளவுக்கு இளகிவிடுகிறது. அந்த நேரத்தில் வளைத்து, அப்படியே பிடித்து வைத்து ஆறவிட்டால் புது வடிவத்தில் நிற்கும். ஈரம் மட்டும் இருந்து சூடு இல்லையென்றால் பலனில்லை. பச்சைத் தண்ணீரில் ஒரு வாரம் ஊறிய பட்டையும் முறியத்தான் செய்யும்.

அடுத்து சொல்லப்போவதுதான் முக்கியம். வளைக்கும்போது பட்டையின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் அமுங்குகிறது. நன்றாக வெந்த மரத்தை நீளவாக்கில் 25 சதவீதத்துக்கு மேல்கூட அமுக்கிவிடலாம். இழுக்கவோ 1 முதல் 2 சதவீதம்தான் முடியும். அதனால் முறிவது எப்போதும் வெளிப்பக்கத்தில்தான்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். பட்டையின் தடிமனை, வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வெளிப்பக்கம் எவ்வளவு இழுபடும் என்பது ஏறக்குறைய கிடைக்கும். நம் கைப்பிடிக்குத் தடிமன் 5 மி.மீ., ஆரம் 140 மி.மீ. ஐந்தை 280-ஆல் வகுத்தால் 1.8 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. எல்லைக்குள்தான் இருக்கிறோம். இதே ஆரத்தில் 10 மி.மீ. பட்டையை வெறுமனே வளைத்தால் கட்டாயம் பிளக்கும். அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மரம் தேர்வு

பாதி வெற்றி இங்கேதான். எனக்குப் பிடித்தது மல்பெரி, அதாவது முசுக்கொட்டை. ஜலந்தர் பக்கம் ஹாக்கி மட்டை செய்தவர்கள் அதன் வளைந்த முனைக்காக இந்த மரத்தைத்தான் நாடினார்கள். வீட்டுத் தோட்டத்திலோ தெருவிலோ முற்றிய மல்பெரியை வெட்டினால் கைத்தடிமனுக்கு மேலான நேரான கிளையைக் கேட்டு வாங்கி வையுங்கள். அது கிடைக்காவிட்டால் நகரத்து மரக்கடைகளில் பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) அல்லது ஆஷ் (ash) மரம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சூளையில் உலர்த்தியதாக இருக்கும், நிழலில் காய்ந்த மரம் அளவுக்கு வளையாது. இருந்தாலும் இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் மெல்லிய பட்டைக்குப் போதும். பேக்கிங் பெட்டி பைன் வேண்டாம். துண்டு துண்டாக ஒட்டிய ரப்பர் மரப் பலகையும் வேண்டாம், ஒட்டு ஆவியில் விட்டுவிடும்.

ரேகையைப் பார்க்க ஒரு நிமிடம் செலவழியுங்கள். பட்டையின் பக்கவாட்டு விளிம்பில் ஒரு ரேகையைப் பென்சிலால் தொடர்ந்து போங்கள். அது பட்டையின் ஓரத்தை விட்டு வெளியே ஓடிவிட்டால் அந்த இடத்தில் சிராய் எழும்பும் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். வளையும் பகுதியில் கணு கூடாது, மிளகு அளவு கணுகூடக் கூடாது. முடிந்தால் ரம்பத்தை விட்டுவிட்டுக் கத்தியை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பிளந்து பட்டை எடுங்கள். பிளவு நாரை ஒட்டியே போகும். அப்புறம் இழைப்புளியால் 5 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலத்துக்கு இழைத்து, 80 செ.மீ. நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று போதாது, நான்கு பட்டையாவது செய்து வையுங்கள்.

அச்சு

18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி, 28 செ.மீ. அகலமுள்ள கவிழ்த்த ப வடிவம் வெட்டுங்கள். மேலே அரைவட்டம், இருபுறமும் 12 செ.மீ. நேர் கால். கூடை 30 செ.மீ. அகலம், அச்சை மட்டும் ஏன் குறைக்க வேண்டும்? கழற்றியதும் மரம் கொஞ்சம் விரியும். எனக்கு 28-இல் வளைத்தது காய்ந்தபின் 29-ஐத் தாண்டி நின்றது. மரத்துக்கு மரம் இது மாறும். விளிம்பை ஒட்டி உள்ளே கிளாம்ப் (திருகி இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடிக்க வசதியாக 40 மி.மீ. துளைகள் போட்டு, அச்சை மேசையோடு திருகிவிடுங்கள்.

ஆவிப்பெட்டி

12 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில், உள்ளே 10 செ.மீ. சதுரமும் 90 செ.மீ. நீளமும் உள்ள பெட்டி. திருகு மட்டும் போடுங்கள், சாதாரண ஃபெவிகால் இந்தச் சூட்டில் நிற்காது. உள்ளே குறுக்காக நாலைந்து மூங்கில் குச்சிகளைச் செருகினால் பட்டை அதன்மேல் கிடக்கும், ஆவி எல்லாப் பக்கமும் போகும். பெட்டி ஒரு முனை தாழ்வாகச் சாய்ந்திருக்கட்டும். தாழ்ந்த முனையில் 10 மி.மீ. துளை, தண்ணீர் வடியவும் ஆவி வெளியேறவும். வாய்க்கு ஒரு பழைய துண்டைத் திணித்தால் போதும். பி.வி.சி. குழாயில் செய்பவர்களும் உண்டு, ஆனால் அது சூட்டில் தொய்ந்து போகும்.

ஆவிக்கு ஐந்து லிட்டர் குக்கர். வெயிட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழலில் சூடு தாங்கும் சிலிக்கான் குழாயை மாட்டி, மறுமுனையைப் பெட்டிக்குள் விடுங்கள். மூன்று லிட்டர் தண்ணீர் போதும். இங்கே கவனம் வேண்டும். குழாய் எங்கும் மடங்கக் கூடாது, நடுவில் தொங்கவும் கூடாது. தொங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஆவியை அடைக்கும். பெட்டியின் வடிகால் துளையை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். ஆவி தாராளமாக வெளியே போய்க்கொண்டிருக்கும்வரை குக்கரில் அழுத்தம் ஏறாது. சேஃப்டி வால்வு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவையுங்கள். எரியும்போது விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வளைக்கும் நாள்

வேகவைப்பதற்கு முன், மெல்லிய தகரப் பட்டை ஒன்றை வைத்து ஒத்திகை பாருங்கள். எந்தக் கிளாம்ப் முதலில், எந்தக் கையில் எது, யார் எங்கே நிற்பது. கூட ஓர் ஆள் இருந்தால் ரொம்ப நல்லது. கிளாம்ப்களை வேண்டிய அளவுக்குத் திறந்து வரிசையாக வையுங்கள். கைக்குத் தோல் கையுறை. நூல் கையுறை ஆவியில் நனைந்தால் கை வெந்துவிடும்.

பட்டையின் நடுவில் பென்சில் கோடு போட்டு உள்ளே வையுங்கள். பெட்டிக்குள் சூடு 95 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. நம் 5 மி.மீ. பட்டைக்கு 12 நிமிடம், கூடவே ஒரு ஐந்து நிமிடம் வைத்துக்கொள்வேன். அதற்கு மேல் வேகவைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம், மரம் துவண்டு உள்பக்கம் சுருக்கம் விழும்.

சரி, இப்போது பக்கவாட்டில் நின்று துண்டை உருவுங்கள். முகத்துக்கு நேராக ஆவி அடிக்கக் கூடாது. பட்டையை எடுத்து, நடுக்கோட்டை அச்சின் உச்சியில் வைத்து ஒரு கிளாம்ப். அங்கிருந்து இரு பக்கமும் ஒரே சமமாகக் கீழே இறக்குங்கள். உள்ளங்கையை அச்சை ஒட்டி வைத்து, நீவிவிடுவதுபோலக் கொண்டுவாருங்கள். முனையை மட்டும் பிடித்து இழுத்தால் ஓரிடத்தில் மடங்கும். பட்டை நன்றாக வெந்திருந்தால் கையில் அது தெரியும். முதலில் ஈரத்தோல் மாதிரி எதிர்ப்பில்லாமல் வரும், பத்து எண்ணுவதற்குள் விறைக்க ஆரம்பிக்கும். விறைப்பதற்குள் கால்கள் இரண்டும் அச்சில் ஒட்டியிருக்க வேண்டும். பாதியில் நிறுத்தாதீர்கள், வேகமாக உதறவும் செய்யாதீர்கள். சின்னதாக ஒரு 'டிக்' சத்தம் கேட்டால் வெளிப்பக்கத்தில் நார் விடுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் மேலிருந்து அமுக்கிக் கிளாம்ப் போட்டால் பல நேரம் சிராய் அதோடு நின்றுவிடும்.

காய வைத்தல்

ஒரு நாள் முழுக்க அச்சிலேயே இருக்கட்டும். மறுநாள் கழற்றி, இரு கால்களையும் நூல்கயிற்றால் சேர்த்துக் கட்டி, நிழலில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். வெயிலில் வைத்தால் முனைகள் வெடிக்கும். காய்ந்ததா என்று தெரிய சமையலறைத் தராசு உதவும். தினமும் எடை போடுங்கள், இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. அதன்பின் நீளம் வெட்டி, 120, 220 எண் உப்புத்தாள் போட்டு, பித்தளைத் திருகால் கூடையில் பொருத்தலாம். ஆளிவிதை எண்ணெய் தடவினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும்.

தடித்த மரத்துக்கு

மரத்தின் வெளிப்பக்கத்தை நீளவே விடாமல் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? முழு வளைவும் உள்பக்க அமுக்கத்தில் போய்ச் சேரும், அதைத்தான் மரம் நன்றாகத் தாங்குமே! வியன்னாவில் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி இப்படித்தான் வந்தது. பீச் மரத் தடிகளின் வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டையைக் கட்டி, ஆவியில் வெந்ததும் வளைத்தார்கள். ஆறு மரத்துண்டும் பத்துத் திருகும் இரண்டு நட்டும் சேர்ந்தால் ஒரு நாற்காலி. மும்பை இரானி கஃபேக்களில் இந்த வகை நாற்காலிகளை இன்றும் பார்க்கலாம்.

வீட்டில் செய்ய, கனமான பெட்டிகளைக் கட்டும் எஃகுப் பட்டை போதும். அதன் இரு முனையிலும் கட்டியான மரத்துண்டை போல்ட் போட்டு இறுக்குங்கள். வளைக்கும் மரம் அந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் உட்கார வேண்டும், ஒரு மில்லிமீட்டர் தளர்ச்சி இருந்தாலும் வெளிப்பக்கம் அந்த அளவு இழுபடும். ஈரமான மரத்தில் இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும், உப்புத்தாளுக்கும் எளிதில் போகாது. அதனால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும், சூடு தாங்கும் பேக்கிங் பேப்பரை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.