பவளத் தொட்டியில் பூஜ்ஜியத்தைத் துரத்தாதீர்கள்

சென்னை கொளத்தூரில் மீன் வாங்கி நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் உப்புத் தண்ணீருக்கு மாறும்போது ஒரு நம்பிக்கையையும் கூடவே கொண்டுவருகிறார்கள்: மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பவளத்துக்கு இது ஒத்துவராது. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு நைட்ரேட்டும் வேண்டும், பாஸ்பேட்டும் வேண்டும். இரண்டும் வற்றினால் பவளம் வெளிறும், டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்) என்ற தொல்லை தரும் நுண்ணுயிர் கிளம்பும். மணல்மேல் வழவழவென்று பழுப்புப் படலம், அதில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள், விளக்கை அணைத்தால் பாதி காணாமல் போகும். வந்துவிட்டால் லேசில் போகாது. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

டெஸ்ட் கிட்டில் பூஜ்ஜியம் வந்தாலும், பாறையெல்லாம் பச்சை மயிர்ப்பாசி மண்டியிருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. தண்ணீரில் சேரும் சத்தைப் பாசியே தின்றுகொண்டிருக்கிறது. ஹன்னா நிறுவனத்தின் பாஸ்பரஸ் செக்கர் என்ற சிறு அளவுக்கருவி வைத்திருப்பவர்கள் திரையில் வரும் எண்ணை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம்மில் கிடைக்கும். 20 என்று காட்டினால் பாஸ்பேட் சுமார் 0.06தான், பதற வேண்டியதில்லை.

பதறினால் என்ன ஆகும்? பாஸ்பேட் உறிஞ்சும் ஜிஎஃப்ஓ துகளை ஒரே நாளில் முழு அளவும் போடுவார்கள். அளவு மளமளவென்று இறங்கி, அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனி கருகும். அல்கலினிட்டி (நீரின் காரத்தன்மை) வேறு 10 டிகேஎச் (அதன் அலகு) தாண்டியிருந்தால் இன்னும் மோசம். கால் பங்கில் தொடங்குங்கள். பாறைக்குள் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் மெல்லத்தான் வெளியேறும், அதனால் இன்று குறைந்த அளவு நாளை மறுபடி ஏறும். சத்தைக் குறைக்க வோட்கா, வினிகர் ஊற்றி அதைத் தின்னும் பாக்டீரியாவைப் பெருக்குகிறவர்கள் கத்திரி வெயிலில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, பாக்டீரியாவும் அதில் பங்கு கேட்கும். ராத்திரி கரண்ட் போனால் மீன்கள் விடியும்வரை தாங்காது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம் தண்ணீர். காசிமேட்டில் கேனில் பிடிக்கும் கடல்நீர் இலவசம்தான், துறைமுகத்து டீசலும் மீன் கழிவும்கூட இலவசமாக வரும். எண்ணூர்ப் பக்கம் 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். குழாயில் வருவது உப்பு நீக்கும் ஆலையில் சுத்திகரித்த கடல்நீராகவே இருந்தாலும், குளோரின் கலந்து, சம்ப்பில் கிடந்துதான் வீட்டுக்குள் வருகிறது. ஆர்ஓ வடிகட்டி, மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டிஐ வடிகட்டி இரண்டையும் தாண்டி, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டிய பிறகே உப்பைக் கலக்குங்கள்.

சத்து வற்றிய தொட்டிக்கு உடனே பாட்டில் மருந்து தேட வேண்டாம். முதலில் நுரையோடு கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மர் ஓடும் நேரத்தைக் குறையுங்கள், மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.