லத்தீன் சொல்லை ஜோடியாகப் படியுங்கள்

லத்தீன் பெயர்ச்சொல்லைப் படிக்கும்போது, எழுவாய் வடிவத்தோடு ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். அகராதியில் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும்.

உடல் என்பதற்கு 'கோர்புஸ்', தலைவன் என்பதற்கு 'டோமினுஸ்'. முடிவு ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் ஆறாம் வேற்றுமையில் 'கோர்போரிஸ்', 'டோமினி' என்று பிரிந்துவிடும். 'கோர்போரிஸ்' என்பதிலிருந்து '-இஸ்' விகுதியை எடுத்தால் 'கோர்போர்-' என்ற அடி கிடைக்கும்; உடல்கள் 'கோர்போரா' ஆவதும் இதனால்தான். நாம் 'மரம்' என்று சொல்லிவிட்டு 'மரத்தின்', 'மரத்தால்' என்கிறோமே, அதே மாதிரி. நினைவுக்குப் பிடிமானம் வேண்டுமா? கார்ப்பரேஷன் என்ற சொல்லில் அந்த அடி அப்படியே இருக்கிறது. 'டெம்புஸ்' (காலம்), 'டெம்போரிஸ்' ஜோடிக்கு டெம்பரரி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: கோர்புஸ் அஃறிணைப் பால் என்பதால் ஒருமையில் இரண்டாம் வேற்றுமைக்கும் 'கோர்புஸ்'தான், அடி அங்கே வராது. அப்புறம், 'டோமுஸ்' (வீடு) போன்ற சில சொற்கள் 'டோமினுஸ்' வகை விகுதிகளையும் வேறொரு வகை விகுதிகளையும் கலந்து எடுக்கும். அவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.