ஆகஸ்டில் பூக்கும் அலங்கார வெங்காயம்: எதை வாங்குவது, எப்படி வளர்ப்பது

சிகாகோ, டொரன்டோ மாதிரி குளிர் ஊர்களில் தோட்டம் போடுகிற பலர், மே மாதம் பூக்கும் பெரிய ஊதா உருண்டை அல்லியத்தை, அதாவது அலங்கார வெங்காயத்தைப் பார்த்து மயங்கி அதையே வாங்கி வைக்கிறார்கள். அழகுதான், ஆனால் பூ விரியும்போதே இலை நுனி பழுக்க ஆரம்பித்துவிடும், ஜூலைக்குள் செடி மண்ணுக்குள் அடங்கி அந்த இடம் மொட்டையாகிவிடும். கோடைக் கடைசியில் பூ வேண்டுமென்றால் தூர் கட்டி வளரும் வகையைத் தேடுங்கள். இது காய்ந்த குமிழாக அல்ல, நர்சரியில் தொட்டிச் செடியாகத்தான் கிடைக்கும்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 'மில்லேனியம்' வாங்குங்கள். மாசசூசெட்ஸ்காரர் மார்க் மெக்டொனா உருவாக்கிய ரகம், 2018-இல் அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வானது. ஒன்றரை அடி உயரம், இரண்டு அங்குல இளஞ்சிவப்பு ஊதா உருண்டைகள், பூத்து முடிந்த பிறகும் இலை பளபளவென்று பச்சையாகவே நிற்கும். விதை விழுந்து கண்ட இடத்தில் முளைக்கிற தொல்லையும் அநேகமாக இல்லை. கொஞ்சம் முன்னதாகப் பூக்க வேண்டுமானால் 'சம்மர் பியூட்டி' இருக்கிறது, சிகாகோ லூரி தோட்டத்தில் கூட்டம் கூட்டமாக நட்டிருப்பார்கள், போய்ப் பாருங்கள்.

வெயில்தான் முக்கியம். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் தண்டு சாய்ந்துவிடும், உரத்தைக் கொட்டினாலும் அதே கதிதான். குளிரைத் தாங்கும், குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கினால் தாங்காது, அழுகிவிடும். களிமண் என்றால் மக்கு உரம் கலந்து நாலு அங்குலம் மேடு கட்டி, அதன்மேல் ஒன்றரை அடி இடைவெளியில் வையுங்கள். முதல் வருஷம் மட்டும் மண் காயக் காயத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஒற்றைச் செடியாக எடுபடாது, ஐந்தாறு சேர்த்து வைத்து, பின்னால் எக்கினேசியா என்கிற பூச்செடி, பக்கத்தில் குட்டைப் புல் வகை என்று விட்டால் ஆகஸ்ட் முழுக்கத் தேனீயும் பட்டாம்பூச்சியும் மொய்க்கும். மானும் முயலும் வாசனைக்கே ஒதுங்கிப் போகும். ஆனால் நாய், பூனைக்கு வெங்காய இனமே விஷம், வீட்டில் இருந்தால் கவனம்.

மூன்று நான்கு வருஷத்தில் தூர் நெருங்கிவிடும். வசந்தத்தில் புது இலை விரலளவு வந்ததும் மண்வெட்டியால் சுற்றித் தோண்டி மொத்தமாகத் தூக்குங்கள். மண்ணை உதறினால் வெங்காயத்தாள் மாதிரி வெள்ளைக் கழுத்துகள் ஒரு குட்டையான கிழங்கில் வரிசையாக ஒட்டியிருப்பது தெரியும், ஒவ்வொன்றுக்கும் அடியில் சொந்த வேர் இருக்கும். ஒற்றை ஒற்றையாகப் பிரிக்காதீர்கள், ஐந்தாறு முளை சேர்ந்த துண்டாக வெட்டி, முன்பிருந்த அதே ஆழத்தில் நடுங்கள். அந்த வருஷமே பூக்கும்.

அப்புறம், வெள்ளைப் பூ வேண்டும் என்று பூண்டு இலைச் செடியை, சீனச் சமையலில் போடுவார்களே அதை, வைக்கிறவர்கள் உண்டு. ஆகஸ்ட் செப்டம்பரில் நன்றாகவே பூக்கும், இலை சமையலுக்கும் ஆகும். பூ வாடியதும் விதை கறுத்து விழுவதற்குள் தலையை வெட்டிவிடுங்கள். விட்டால் அடுத்த வசந்தத்தில் பாதைக் கல் இடுக்கெல்லாம் அதுதான் முளைத்திருக்கும், பிடுங்கினால் கழுத்தோடு அறுந்து வேர் உள்ளேயே நின்றுவிடும்.