மானிய அறிவிப்புக்கு முன்னால் தடை ஆணையைப் படியுங்கள்

காகிதக் கோப்பை ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து, உட்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சவ்வு போல ஒன்று உரிந்து வரும். அது பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் இந்தப் பூச்சுள்ள கோப்பையும் உண்டு. துணி போலத் தோன்றும் நான்-ஓவன் பையும் அதே பட்டியலில்தான். அதன் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினால் சாம்பலாகாமல் உருகிச் சுருளும்.

பசுமைத் தொழில் தொடங்குவோரின் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். மானிய அறிவிப்பை எழுத்து விடாமல் படிக்கிறார்கள். தடை ஆணையைப் புரட்டுவதே இல்லை. பாக்குமட்டைத் தட்டுக்கும் துணிப்பைக்கும் கடைக் கதவைத் திறந்துவிட்டதில் எந்த மானியத்தையும்விட அந்த ஆணைக்கே பங்கு அதிகம். மக்கும் பிளாஸ்டிக் பை என்றாலும், ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரநிலையில் தேறி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே விற்கலாம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை வண்ணத்தால் பிரிக்கும்போது சொல்லும் ‘பச்சை வகை’ என்ற சொல்லும் ஏமாற்றும். நம் தொழில் பச்சைதானே, அனுமதி எதற்கு என்று இருந்துவிடுகிறார்கள். அந்த வண்ணம் மாசின் அளவைக் குறிப்பது. பச்சை வகைக்கும் இசைவாணை, அதாவது வாரியத்தின் அனுமதி, வேண்டும். விலக்கு வெள்ளை வகைக்குத்தான்.

அடுத்தது பதிவு. தனி உரிமையாளராக ஜிஎஸ்டி எண் வாங்கித் தொழிலை நடத்திவிட்டு, பிறகு புதிய நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ அங்கீகாரம் தேடி வருபவர்கள் பலர். தனி உரிமை நிறுவனத்துக்கு அது கிடையாது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு பெற்ற கூட்டாண்மை ஆகியவையே வழக்கமான வழி. பழைய தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவாக்கிய நிறுவனத்துக்கும் தகுதியில்லை என்கிறது விதி. ஆகவே முதல் பில் போடும் முன்பே ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

பணத்துக்கு வருவோம். தமிழக அரசின் டான்சீட் திட்டத்தில் பசுமைத் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ரூ.15 லட்சம் வரை ஆதார நிதி உண்டு; மற்றவர்களுக்குப் பொதுவாக ரூ.10 லட்சம். இதற்கு ஈடாக 3 சதவீதப் பங்கு அரசுத் தரப்புக்குப் போகும் என்பதைப் பலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதுதான் கவனிக்கிறார்கள். மத்திய அரசின் விதை நிதித் திட்டமோ இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர்ப்பு மையம் வழியாக, மைல்கற்களை எட்ட எட்டத் தவணையாக வருவது. அதை நம்பி இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிக்கக் கூடாது.

அங்கீகாரம் பெற்ற புதிய நிறுவனங்களுக்கான வருமான வரிவிலக்கு (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80-ஐஏசி பிரிவு) பற்றியும் ஒரு வார்த்தை. அங்கீகாரம் கிடைத்ததும் வரிவிலக்கு தானாக வந்துவிடாது. தனியாக விண்ணப்பித்து, அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்திடம் சான்றிதழ் பெற வேண்டும். கூட்டாண்மை நிறுவனத்துக்கு இது பொருந்தாது. முதல் 10 ஆண்டுகளில் தொடர்ச்சியான 3 ஆண்டுகளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், நஷ்டத்தில் ஓடும் தொடக்க ஆண்டுகளில் அவசரப்பட்டு அதைத் தீர்த்துவிடாதீர்கள்.