கிறிஸ்துமசுக்கு கேரளாவுல வண்டிப்பெரியார் லயத்துப் பிள்ளைகளுக்கு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுதான் லயம்) துணி கொண்டுபோறீங்களா?

கம்பத்துல இருந்து குமுளி ஏறிப் போறவங்க முதல்ல தேதியைப் பாருங்க, டிசம்பர்ல ஐயப்ப சீசன், கூட்டம் கூடுனா மேல போற வண்டியைக் கம்பம்மெட்டு வழியா திருப்பி விட்டுருவாங்க, நாங்க 24ஆம் தேதி கிளம்பி பாதி மலையிலயே இருட்டிப்போச்சு, பிள்ளைங்க காத்திருந்து தூங்கிட்டாங்க, இப்பவும் மனசு கேக்கல. அதனால 20க்குள்ள முடிச்சிருங்க.

சரக்கு 50,000 ரூபாய்க்கு மேலன்னா ஈவே பில் (சரக்கு கொண்டுபோறதுக்கான ஜிஎஸ்டி சீட்டு) வேணுமான்னு துணிக்கடைக்காரர்கிட்டயே கேட்டு வாங்கிக்கோங்க. வண்டிக்கு கேரளா பெர்மிட் இருக்கான்னு டிரைவர் வாயால சொன்னா போதாது, பேப்பரைப் பாருங்க.

அளவுதான் பெரிய தலைவலி. வயசைக் கேட்டு வாங்காதீங்க, ஒரே வயசுல ரெண்டு பிள்ளை ரெண்டு உசரம் இருக்கும், லயத்துல ஒரு அக்காகிட்ட சொல்லி பழைய சட்டையோட அளவை எழுதி வாங்குங்க, பத்து செட் கூடுதலா வைங்க, ஏன்னா லீவுக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளையும் வரிசையில நிக்கும், அதை வெறுங்கையோட அனுப்ப முடியாதுல்ல. பிளாஸ்டிக் கவர் வேணாம், கேரளால 2020லயே ஒருமுறை பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டாச்சு, துணிப்பையில கட்டி பேர் எழுதிருங்க. கொழுந்து எடுக்கப்போன அம்மாமாரு சாயங்காலம்தான் வருவாங்க, அப்புறமா கொடுங்க.