நெளிந்த வெனீரைத் தட்டையாக்குவது

வெனீர் என்பது மரத்திலிருந்து சீவியெடுத்த மெல்லிய தகடு. மர இழையில் சுழி அதிகமுள்ள அரை மில்லிமீட்டர் வெனீரைக் காய்ந்தபடியே அழுத்தினால் அப்பளம்போல நொறுங்கும். 4 பங்கு தண்ணீரில் 1 பங்கு கிளிசரின் கலந்து, இரண்டு பக்கமும் ஸ்ப்ரே செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் சுருட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் ஊறி, தோல்போலத் துவளவேண்டும்.

பிறகு அச்சில்லாத வெள்ளைத்தாள்களுக்கு நடுவே வைத்து, இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கிடையே கிளாம்ப் போடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். கிளாம்பை ஒரேயடியாக இறுக்காமல், அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கத்தை ஏற்றுங்கள்.

பலரும் சோம்பல்படுவது தாள் மாற்றுவதில்தான். முதல் தாளை ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள், அப்புறம் தினம் இருமுறை. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தாள் காய்ந்தே வெளிவந்தால் வெனீர் தயார். பசைபோட்டு ஒட்டப்போகும்வரை கிளாம்பை எடுக்காதீர்கள்.